கதையில்லாத பேய்ப்படமும் அக்காவின் வேலையும்

அந்தப் படத்தில் பேய் கடைசிவரை வரவில்லை. வந்தது ஒரு வெள்ளைத் துணி மட்டும்தான். அதுவும் பறக்கவில்லை, யாருடைய கழுத்தையும் போய்ச் சுற்றவில்லை. கொடியில் கிடந்தது. அவ்வளவுதான். ஆனாலும் நான் கதிரையின் மரக்கையைப் பிடித்திருந்த பிடியில், படம் முடிந்து யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலுக்குள் வந்த பிறகும் விரல்கள் நிமிர மறுத்தன.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கான பரீட்சையை ஒருமுறை எழுதிப் புள்ளி போதாமல், இரண்டாம் முறையும் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். புங்குடுதீவில் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பது அங்கே காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். வாசிகசாலைக்கு வரும் பேப்பரை மரண அறிவித்தல்வரை வாசித்து முடித்தாலும் நேரம் காலை ஒன்பதைத் தாண்டியிருக்காது. ஆகவே நான் படம் பார்த்தேன். தமிழ்ப்படம், சிங்களப்படம், ஞாயிறு பத்தரைக்குப் போடும் இங்கிலிஷ்ப்படம், எதையும் விடவில்லை. பொழுதுபோக்காகவும் பார்க்கவில்லை. ஒரு கொப்பி வைத்திருந்தேன். பார்த்த படம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். கமரா எங்கே நின்றது, சங்கீதம் எந்த இடத்தில் நின்றுபோனது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தீவில் இப்படி வேறு யாரும் எழுதி வைத்ததாக நான் அறியவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் போய்ப் பார்த்தால் வீடே பார்த்த மாதிரி. பஸ் பிடித்து, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிகளைக் கடந்து பட்டினத்துக்குப் போய்வருவதென்றால் ஒரு பகல் போய்விடும். எல்லோரும் வெளிக்கிடுவது வருடத்தில் ஒரு தடவை நடந்தால் பெரிய காரியம். மற்ற நாட்களில் நான் போவேன், வந்து சொல்வேன். சுருக்கிச் சொல்லி ஒருவரும் தப்ப முடியாது. படத்தின் எழுத்தோட்டத்தில் தொடங்க வேண்டும். அம்மா குசினியில் தேங்காய் திருவியபடி கேட்பாள். சங்கக்கடை மனேச்சரான அப்பா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, கேட்காதவர் மாதிரிக் கேட்பார். என்னைவிட நாலு வயது மூத்த அக்கா எனக்கு நேர்முன்னே வந்து இருந்துவிடுவாள். அவளைப்போலக் கேட்கிறவள் கிடைத்தால் யாருக்கும் சொல்ல வரும்.

இங்கிலிஷ்ப்படம் சொல்வதில் ஒரு சிக்கல். அந்த ஊர் வீடுகளை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. ஆகவே தெரிந்த இடங்களைக் கடன் வாங்குவேன். படத்தில் நீதிமன்றம் வந்தால் அது ஊர்காவற்றுறைக் கோடு. கப்பல் வந்தால் அது வந்து கட்டுவது ஊர்காவற்றுறைத் துறையில். பணக்காரன் மாளிகை என்றால் சந்தியில் பூட்டிக் கிடக்கும் மாடிவீடு. அம்மாவுக்கு இது நன்றாகப் பிடிக்கும். படத்தில் கொலை நடந்த மாடியை அடுத்தநாள் சங்கக்கடைக்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அந்தப் பேய்ப்படத்தின் கதையைத் தபாலட்டையில் எழுதினால் மிச்சம் இடம் இருக்கும். ஓர் இளம்பெண், ஏரிக்கரையில் தனியே நிற்கும் ஒரு பெரிய வீட்டுக்குப் பழைய கடிதங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்க வருகிறாள். வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. வெளியே மூடுபனி. யன்னலால் பார்த்தால் தூரத்தில் ஒரு கொடி, கொடியில் நனைந்த வெள்ளைத் துணி ஒன்று. அடுத்தநாள் பார்க்கிறாள், துணி கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறது. மூன்றாம் நாள் இன்னும் கிட்ட. யாரும் அதைத் தொட்டதை அவள் காணவில்லை, நாங்களும் காணவில்லை. கடைசி நாள் தன் அறைக் கதவைத் திறக்கிறாள். துணி அறைக்குள்ளே, கூரை வளையில் தொங்குகிறது. தண்ணீர் சொட்டுகிறது. படம் முடிந்தது.

ஏன், எதற்கு, யார் என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் அந்த மூடுபனி! ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் விட்ட அமைதி! முன்வரிசையில் தொடக்கத்திலிருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்த ஒருவன் கால்மணி நேரத்தில் வாயை மூடிவிட்டான், பிறகு திறக்கவேயில்லை. கதையை நம்பாமல் ஒரு யன்னலையும் ஒரு துணியையும் மட்டும் நம்பி ஒருவன் முழுப்படம் எடுத்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் சொல்லத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் கை வெறுமையாகிவிட்டது. அம்மா "பிறகு?" என்று கேட்கிறாள், பிறகு என்று ஒன்றும் இல்லை. கதைப்படம் என்றால் கதையே என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கும். இதில் இருப்பது இடம் மட்டும்தான். ஆகவே இடத்தைக் கட்ட வேண்டியிருந்தது. எந்த வீட்டைக் கடன் வாங்கலாம் என்று யோசித்தேன். தனியே நிற்க வேண்டும், சுற்றிவர வெளியாக இருக்க வேண்டும், ஒரு யன்னல் வேண்டும்.

"அக்கா நெடுந்தீவில இருக்கிற வீடு மாதிரி எண்டு வையுங்கோவன்," என்றேன்.

அக்கா அப்போது இரண்டு மாதமாக நெடுந்தீவில் ரீச்சர். முதல் நியமனம். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். அங்கே ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தாள். திங்கள் விடிய லோஞ்சுப் படகில் போவாள், வெள்ளி பின்னேரம் வருவாள். கடல் கடந்து ஒரு குமர்ப்பிள்ளை தனியே போய் இருப்பது அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. அம்மாவும் அக்காவுமாகக் கரைத்துத்தான் சம்மதிக்க வைத்திருந்தார்கள். நான் நெடுந்தீவை மிதித்ததே இல்லை. ஆனால் அக்கா சொல்லக் கேட்டு அந்த வீடு எனக்கு மனப்பாடம்: சாந்து பூசாமல் பவளக்கல் அடுக்கிக் கட்டிய மதில், அதன் இடுக்குகளால் ஊதுகிற காற்று, மதிலுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை வெளி.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அக்காவின் யன்னலால் அந்தப் பெண்ணைப் பார்க்க வைத்தேன். அக்காவின் மதிலோடு துணியைப் போட்டேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தேன். கடைசிக் காட்சிக்கு அம்மாவின் கைப்பிடித் துணியை நனைத்து, அலுமினியத் தாச்சிச் சட்டிக்கு மேலே பிடித்து, சொட்டு விழ விட்டேன். அம்மாவின் கை திருவலையில் அப்படியே நின்றுவிட்டது. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அன்றைக்கு நான் சொன்னதுபோல அதற்கு முன் ஒரு படமும் சொன்னதில்லை.

"ஆர் போட்டது?" என்று அக்கா கேட்டாள்.

"அதுதான் படம். ஆரெண்டு கடைசிவரைக்கும் சொல்ல மாட்டினம்," என்றேன், ஏதோ நானே எடுத்த படம் மாதிரி.

அடுத்தநாள் விடிய அவள் லோஞ்சுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வந்தபோது கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அடுத்த திங்கள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டாள். அந்தக் காய்ச்சலோடு காலையில் பதினைந்து இடியப்பம் சாப்பிட்டதை நான் கண்டேன். கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். முதலில் தண்ணி சரியில்லை என்றாள், பிறகு சாப்பாடு என்றாள், பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

"கொடியில சீலை போட ஏலாமல் கிடக்கு."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு உடுக்கும் வெள்ளைச் சீலையைத் தோய்த்துப் போட்டுவிட்டு, பொழுதுபடும்போது யன்னலால் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லையாம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லையாம். போதாததற்கு அந்த வீட்டுக்காரர் தன் வள்ளத்தின் பாயை மதிலில் காயப் போடுகிறாராம். அதுவும் வெள்ளை. ஒருநாள் போட்ட இடத்தில் மறுநாள் இல்லை.

"பாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த மனிசன் கொண்டுவந்து போடுறதை என்ர கண்ணால பாக்கிறன். தெரிஞ்சும் நித்திரை வரேல்லை. நாலு இரவு லாம்பைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு கட்டிலில இருந்தனான். நீ ஏன்டா என்ர வீட்டில கொண்டுவந்து போட்டனி?"

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். படத்துக்குப் பயந்து, அதுவும் பார்க்காத படத்துக்குப் பயந்து, அரசாங்க வேலையை விட்டவள் என்று ஏழு தீவும் கதைக்கும் என்றாள். அவள் சொன்னது சரிதான். நானே கதைத்திருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்க அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அவளைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று பார்த்தால் மெல்லிய குரலில் கதைத்தார். நாளைக்குப் போய் ஒரு கிழமை இருந்து பார், ஏலாது என்றால் வெள்ளிக்கிழமை வந்து சொல்லு, அடுத்த திங்கள் நானே கல்விக் கந்தோருக்குப் போய் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன், ஒருவரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். ஏசியிருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். இந்த அன்புக்கு எதிரே நிற்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. "ஓம் அப்பா" என்றுவிட்டு எழுந்து போனாள். அவளுடைய வேலை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கெடுத்தவன் நான் என்பதும் தெரிந்தது. திருத்தவும் என்னால் முடியும் என்று நினைத்தேன். பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

எங்கள் தீவின் குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறியபோது மாரி தொடங்குகிற வானம். கடல் சற்று உயர்ந்துதான் இருந்தது. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்பதால் தைரியமாக வேலையைத் தொடங்கினேன். என் முதல் யோசனை சுலபமானது. கதை இல்லாததுதானே வருத்தம்? கதை இருந்தால் அதற்கு ஒரு முடிவு இருக்கும், முடிவைச் சொன்னால் பயம் இறங்கிவிடும். இந்தப் படத்தில் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை. ஆகவே ஓர் இடம் செய்து கொடுத்தால் சரி.

அன்றைக்கு நான் ஒரு துண்டைச் சொல்ல மறந்துபோனேன் அக்கா என்று தொடங்கினேன். அந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு தம்பியாம், சொத்துத் தகராறாம், கடிதங்களில் அந்த உண்மை இருக்கிறதாம், அந்தப் பெண்ணை வெருட்டிக் கலைக்கத்தான் துணியை நகர்த்தினானாம், கடைசியில் பொலிஸ் வந்து பிடித்ததாம்.

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நீ இப்பதான் கட்டுறாய்," என்றாள்.

"ஏன் சொல்லுறாய்?"

"படத்தைச் சொல்லேக்க நீ இடையில நிண்டு யோசிப்பாய். பொய்யெண்டால் நிக்காமல் ஓடுவாய்."

சரி, அது போனது. அடுத்ததாக உண்மையையே எடுத்தேன். கொப்பி கையில் இருந்தது. துணி நகர்வதை அவர்கள் ஒருமுறைகூடக் காட்டவில்லை, நகர்ந்த பிறகுதான் காட்டுகிறார்கள். இடைவெளியை நிரப்புவது நாங்கள். சொட்டுச் சத்தத்தை வேறாகப் பதிந்து பிறகு சேர்த்திருக்கிறார்கள். மூடுபனி என்பது புகை. விரல்களால் கமராச் சட்டம் பிடித்துக் காட்டி, நயினாதீவு எங்களுக்குப் பக்கவாட்டில் விலகிப் போகிற நேரம் முழுக்க விளக்கினேன். அக்கா நல்ல மாணவி மாதிரித் தலையாட்டிக் கேட்டாள்.

"விளங்குது," என்றாள் முடிவில். "ஆனா நான் கமராவுக்குப் பயப்பிடேல்லையே."

நெடுந்தீவில் இறங்கியதும் அவள் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் கட்டிய வீட்டை அங்கே தேடினேன், காணவில்லை. இருந்தது தாழ்வான ஒரு வீடு, ஓயாத சத்தத்தோடு. கோழிகள், இரண்டு சின்னப் பிள்ளைகள், கயிற்றில் நின்று கத்துகிற ஆட்டுக்குட்டி. மதில் மட்டும் அக்கா சொன்னபடி வெள்ளைக் கல்லு. மதிலில் பாய் கிடந்தது. மாச்சாக்குத் துண்டுகளால் ஒட்டுப்போட்ட பழைய பாய்.

பெட்டியை அறையில் வைத்துவிட்டு அக்காவின் யன்னலால் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த யன்னல் சட்டத்துக்குள், மங்கிய வெளிச்சத்தில், அசையாமல் அந்த வெள்ளைப் பாய் கிடந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கும் பயம் வந்து, அறையின் வளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். அதோடு சந்தோஷமாகவும் இருந்தது. எவ்வளவு நல்ல காட்சி! என்னையறியாமல் விரல்களால் சட்டம் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"என்ன தம்பி, யன்னல் சரியில்லையோ?"

வீட்டுக்காரி வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் மீன் ஓலைப்பெட்டி, இடுப்பில் பிள்ளை. நான் யாரென்று சொன்னேன். குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்து மீன் வெட்டத் தொடங்கினாள், எனக்கு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். ரீச்சருக்கு என்ன சுகமில்லை என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

"காய்ச்சல் இல்லைத் தம்பி. இரவிரவா லாம்பு எரியுது. எங்கட வீட்டில ஏதும் குறையெண்டால் நீர் மறைக்காமல் சொல்லும். ரீச்சர் விட்டிட்டுப் போனா, அந்த வீட்டில இருக்க ஏலாது எண்டுதான் ஊர் சொல்லும். பிறகு எங்களுக்கும் மரியாதையில்லை."

இவளுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நினைத்திருக்கவில்லை. சத்தியம் அப்பாவைப் பற்றியதுதானே என்று எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். ஒரு படம், அதை நான் சொன்ன விதம், அதனால் வந்த வினை. அவள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைத் தனக்கும் சொல்லச் சொன்னாள். இவ்வளவு பாடுபடுத்துகிற படம் என்னவென்று தானும் கேட்க வேண்டுமாம்.

உப்புச் சப்பில்லாமல் சொல்லி முடிப்பது என்றுதான் தொடங்கினேன். ஆனால் அவள் கேட்ட கேள்வியும் "ம்" போட்ட விதமும்! செதில் சுரண்டுவதைக்கூட மெதுவாக்கிக்கொண்டு கேட்டாள். என்னால் அடக்க முடியவில்லை. மூன்றாம் நாளுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினேன். கடைசிக் காட்சிக்கு மீன் கழுவிய சட்டியில் கையை நனைத்துச் சொட்ட விட்டேன். நிமிர்ந்தால் படலையடியில் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்து எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பொழுதுபடுகிற நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த மத்தியானத்திலேயே எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரி அவளைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வெயில் எறிக்கிறேல்லையோ?"

"இல்லை. முழுக்க மூடுபனி."

"எத்தினை நாளா?"

"ஒரு கிழமை. படம் முழுக்க அப்பிடித்தான்."

"காத்து?"

"ஒரு இலை ஆடாது. அதிலதான் பயமே கிடக்கு."

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள். "அப்ப என்னெண்டு தம்பி அது காயும்?"

நான் கொப்பியை எடுத்துப் புரட்டினேன்.

"காயாட்டி இடம் மாத்தித்தானே போடோணும்? எங்கட பாயை என்ன செய்யிறம்? மாரி துவங்கினால் முதல் மதிலில. அங்க காயாட்டி கொஞ்சம் கிட்டக் கொண்டுவாறது. பிறகும் காயாட்டி வீட்டுக்குள்ள வளையில தூக்கிக் கட்டுறது. ஈரத்தோட சுருட்டினால் கறுத்துப் புள்ளி விழுந்து உக்கிப்போடும். சொட்டுச் சொட்டெண்டு விடியும்வரைக்கும் ஊத்தும். கீழ சட்டி வைக்கிறனாங்கள். அந்தப் பெட்டை சட்டி வைச்சவளோ?"

"இல்லை."

"பின்ன, நிலம் பழுதாப் போயிருக்கும்."

படலையடியில் ஒரு சத்தம் கேட்டது. அக்கா மூச்சு விட்ட சத்தம். உள்ளே வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஆனா ஆர் மாத்திப் போட்டது?" என்று அவளே கேட்டாள். "வீட்டில வேற ஒருத்தரும் இல்லையாம்."

"ஆர் சொன்னது ரீச்சர்? அவளுக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது? கடுதாசி எழுத வந்தவள், குசினிப் பக்கம் ஒருக்கால் எண்டாலும் போனவளோ?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிப் படத்தை ஓட்டினேன். மேசை. கடிதக் கட்டு. மெழுகுதிரி. ஓம், மேசையில் சாப்பாடு இருந்தது. ஒரு காட்சியில் மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும். கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. அந்த ஆவியை நான் மூடுபனியோடு சேர்த்து, சூழ்நிலை என்று கொப்பியில் எழுதிவிட்டேன். யார் கொண்டுவந்து வைத்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. துணியை நகர்த்திய அதே கைதான் சாப்பாட்டையும் வைத்தது! வந்தவள் ஒவ்வொரு நாளும் பேயின் கையால்தான் சாப்பிட்டிருக்கிறாள்! படம் நான் நினைத்ததைவிட எவ்வளவோ பெரிய படம். அந்தத் தியேட்டரில் இருந்த ஒருவருக்கும் இது தெரிந்திராது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"டேய், சாப்பாடு இருந்ததோ இல்லையோ?" என்று அக்கா கேட்டாள்.

சும்மா கேட்ட கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. நான் அடுத்து என்ன சொல்கிறேனோ அதில்தான் அவளுடைய இரவுகள் கிடந்தன. இரவுகள் போனால் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை போனால் வேலை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் இவள்.

"ஓம்," என்றேன். "சுடச்சுட இருந்தது."

"அப்ப வீட்டில ஒரு மனிசி இருந்திருக்கிறா."

"இருந்திருக்கோணும்."

"தோய்ச்சதும் அவதான்."

"பின்ன ஆர்?" என்றேன்.

வீட்டுக்காரி கத்தியை எடுத்து அடுத்த மீனை வெட்டத் தொடங்கினாள். மாரிக்குள் அவ்வளவு பெரிய துணியைத் தோய்த்தவளைத்தான் ஏச வேண்டும் என்றும், இங்கிலிஷ்காரிக்கு அந்தப் புத்தி இல்லையென்றும் சொன்னாள். அக்கா சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. பிறகு பசிக்குது என்றாள்.

சோறும் சொதியும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். மூன்று மணி லோஞ்சுக்கு என்னைப் போகச் சொன்னாள். ஓர் இரவு நின்று பார்த்துவிட்டுப் போகிறேனே என்றேன்.

"வேண்டாம். நீ நிண்டால் நான் நித்திரை கொள்ளுவன். அது சரிவராது."

திரும்பி வரும்போது எனக்குள் நானே வாதாடிக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தில் வேலைக்காரி இல்லை. இருந்திருந்தால் ஒரு நிழலாவது காட்டியிருப்பார்கள். என் கருத்துத்தான் சரியென்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்; இதை எங்கேயும் யாரோடும் நின்று கதைக்க நான் தயார். ஆனால் எங்கள் வீட்டில் கதைக்கவில்லை. அம்மா கேட்டபோதுகூட, அந்த வீட்டில் ஒரு சமையற்காரி இருந்தாள், நான்தான் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மழை. இந்த மழைக்கு அங்கே பாயை எங்கே போட்டிருப்பார்கள், வீட்டுக்குள் தூக்கியிருப்பார்களோ, சொட்டுகிற சத்தம் அக்காவின் அறைக்குக் கேட்குமோ என்று யோசித்து, நித்திரை இல்லாமல் கிடந்தவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரத்துக்கே குறிகட்டுவானுக்குப் போய்விட்டேன். லோஞ்சு வந்தது. சனம் இறங்கியது. கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அக்கா இல்லை. இரவில் பயந்து மயங்கி, அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளோ என்றுகூட ஓடியது மனம். அவளோடு படிப்பிக்கிற, எங்கள் ஊர் மாஸ்ரர் ஒருவர் என்னைக் கண்டு வந்து மடித்த கடுதாசி ஒன்றைத் தந்தார்.

நாலு வரி. பள்ளிக்கூடப் பரிசளிப்பு வருகிறது, தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்க சனி ஞாயிறுதான் நேரம், இந்தக் கிழமை வரவில்லை, அடுத்த வெள்ளி வருவேன். நித்திரையைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாஸ்ரரிடம் கேட்டேன், அக்கா எப்படி இருக்கிறாள் என்று. என்ன கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. "ஏன், நல்லாத்தானே இருக்கிறா," என்றார்.

வீட்டுக்கு வந்து கடுதாசியை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். திங்கட்கிழமை கந்தோருக்குப் போவதற்காக அம்மா மடித்து வைத்திருந்த வேட்டியும் சால்வையும் பக்கத்துக் கதிரையில் இருந்தன. எடுத்துக்கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார்.

"நாடகமாம்," என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார். "சனி ஞாயிறும் அங்க நிக்கிறாவாம். மரக்கறி கிடைக்குமோ தெரியேல்லை."

அம்மா அடுத்த கிழமைக்கு அனுப்ப எவ்வளவு பனங்கிழங்கு ஒடியல் மா இருக்கிறது என்று பார்க்க, பானையைத் திறந்துகொண்டிருந்தாள்.